எண்ணாத இருபது

"சிஸ்டர், இந்த வார்டுல இருக்கறவங்க எல்லாரும் ஒரே கணக்காவா மூச்சு வுடறாங்க?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி இது. கேட்டவள் மறந்திருக்கலாம். கேட்கப்பட்டவளால் மறக்க முடியவில்லை.

பாலக்கோட்டுக்கு வெளியே, தக்காளி வண்டிகள் விடியுமுன்பே வரிசைகட்டும் சாலையில், முப்பது படுக்கை கொண்ட தரும ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. நிர்மலா அங்கே நர்ஸ். பென்னாகரம் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். வேலைக்கு வருமுன் நெற்றியில் திருநீறு இட்டு, முருகா, இன்றைக்கு என் கையால் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று ஒரு வரி வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். இருபத்தொன்பது வயதில் இருந்த அந்தப் பழக்கம் நாற்பத்தொன்றிலும் இருக்கிறது.

அந்தச் சிறுமியின் பெயர் நஜ்மா. பஸ் ஸ்டாண்டு அருகே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த தாவூதின் மகள். தாவூது காய்ச்சலும் இருமலுமாய் வந்து படுத்திருந்தார். மகளுக்குப் படிக்கிற வெறி. பஸ் போர்டு, மருந்துப் பெட்டி, சுவரொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்துத் தீர்த்த பிறகு, ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் தொங்கும் அட்டைகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். உடம்புச் சூடு ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. நாடித்துடிப்பு வேறு. ரத்த அழுத்தம் வேறு. மூச்சு என்ற கட்டத்தில் மட்டும் முதல் கட்டில் முதல் கடைசிக் கட்டில் வரை இருபது, இருபது, இருபது.

அதை எழுதியது நிர்மலாவின் பேனாதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சூட்டுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, அழுத்தத்துக்கு மிஷின் இருக்கிறது. மூச்சை எண்ண அங்கே கருவி கிடையாது. ஒரு மனுஷி ஒரு நிமிஷம் சும்மா நின்று இன்னொரு மனுஷரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நர்ஸுக்கு முப்பது கட்டில். நட்சத்திரம் தெரியாதவர் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது வாய்க்கு வந்த நட்சத்திரத்தைச் சொல்லிவிடுவதில்லையா, அதுபோல அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா தானாக இருபது போட்டுவிடும். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் போட்டார்கள்.

படுத்திருந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் பாப்பா என்று அன்றைக்குச் சொல்லி வைத்தாள். பிள்ளை போகவில்லை. அப்பாவின் கட்டிலுக்குப் போய், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய எண்ணிவிட்டுத் திரும்பி வந்தது.

"எங்க அத்தாவுக்கு முப்பத்திரண்டு வருது சிஸ்டர்."

நிர்மலாவின் ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் குளுகோஸ் பாட்டில். "நீ தப்பா எண்ணியிருப்ப. சின்னப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எண்ண வராது" என்றாள்.

நஜ்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. அப்பாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் குப்புராஜின் செருப்புச் சத்தம் படியில் கேட்டபோது நிர்மலாவுக்கு ஏனோ மனசு பொறுக்கவில்லை. தாவூதின் கட்டிலுக்கு ஓடி எண்ணினாள். முப்பத்திரண்டு. பிள்ளை சொன்னது ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அட்டையில் இருபதை அடித்து முப்பத்திரண்டு என்று எழுதி முடிக்கவும் டாக்டர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தார், உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நுரையீரலில் சளி கட்டிப் பாதி அடைத்துவிட்டிருந்தது.

"நல்ல நேரத்துல பார்த்தீங்க நிர்மலா" என்றார்.

நான் பார்க்கவில்லை சார், அந்தப் பிள்ளை பார்த்தது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி கடந்துவிட்டது. சொல்லாமல் விட்ட வார்த்தை முதல் நாள் தொண்டையில் இருக்கும், மறுநாள் நெஞ்சுக்கு இறங்கிவிடும். அப்புறம் அதை வெளியே எடுப்பது சுலபமில்லை.

இருபது நாள் கழித்துத் தாவூது பிழைத்து வந்தார். மனைவி ஜுபைதா கையில் பழப் பை. அவர் கையில் ஒரு சின்னப் பெட்டி. தன் கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பொறுக்கி எடுத்த வாட்ச். வெள்ளை முகம், பெரிய எண்கள், சிவப்பு நொடி முள். என் மூச்சை எண்ணின கைக்கு என்று சொல்லிக் கொடுத்தார். நஜ்மா அம்மாவின் பர்தாவுக்குப் பின்னால் நின்று அவளை ஒருமுறை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நிர்மலா தாங்கியிருப்பாள். அன்றைக்கு எத்தனை என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் சரியாக எண்ணி அத்தாவைக் காப்பாற்றினார்கள், நான்தான் தப்பாக எண்ணினேன் என்றே அது நம்பிக்கொண்டிருந்தது.

அந்த நாளிலிருந்து நிர்மலா எண்ணாத இருபதை எழுதியதில்லை.

அவள் எண்ணும் விதத்தைப் பார்க்க வேண்டும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். கையை நோயாளியின் மார்போடு அணைத்தாற்போல் வைத்துக்கொள்வாள். முதல் நிமிஷம் நாடிக்கு. விரல் எடுக்காமல் அடுத்த நிமிஷம் மூச்சுக்கு. கண் வாட்சில் இருப்பதுபோல் இருக்கும், நெஞ்சு ஏறி இறங்குவது கடைக்கண்ணில் தெரியும். மூச்சை எண்ணுகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டாள். ஏனென்றால் உடம்பு காட்டும் குறிகளில் மனுஷன் தன் இஷ்டத்துக்கு மாற்றக்கூடியது அது ஒன்றுதான். காய்ச்சலை யாரும் நினைத்துக் குறைக்க முடியாது. மூச்சைக் குறைக்கலாம். எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் எவ்வளவு கபடமற்ற ஆளும் கொஞ்சம் அடக்கித்தான் விடுவான். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கவும் மாட்டாள். ஒன்று தப்பினால் நாலு தப்பும் என்பாள்.

வார்டு கூட்டும் மாதம்மாளுக்கு இது பெரிய வேடிக்கை. மூச்சுக்கு ஒரு நிமிஷம், முப்பது பேருக்கு முப்பது நிமிஷம், அதுக்குள்ள நான் ரெண்டு வார்டு கூட்டிக் கழுவி வுட்டுருவேன் என்பாள். "சிஸ்டரு கைய புடிச்சா வுடமாட்டாங்க. தாலி கட்டறவங்கூட இவ்ளோ நேரம் புடிக்க மாட்டான்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் தன் மகளுக்குப் பிரசவ வலி கண்டபோது, நிர்மலா சிஸ்டர் டூட்டி எப்போது என்று கேட்டுத்தான் கூட்டிவந்தாள்.

எண்ண எண்ண நிர்மலாவுக்குச் சில விஷயங்கள் புரிந்தன. காய்ச்சல் சத்தம் போட்டுக்கொண்டு வரும். ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுச் சரியும். நாடி பயத்துக்கும் ஓடும், நோய்க்கும் ஓடும். மூச்சுதான் முதலில் வந்து கதவைத் தட்டும். மெல்லத் தட்டும். நின்று கேட்பவருக்கு மட்டும் கேட்கும். ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் இத்தனை மூச்சு என்று எண்ணித்தான் கொடுத்தனுப்புகிறான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவன் எண்ணிக் கொடுத்ததை நாம் எண்ணாமல் எழுதலாமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் போன பிறகு, இந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை ஜுபைதா வந்து சேர்ந்தாள்.

மார்க்கெட் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மிதிபட்ட தக்காளியில் கால் வழுக்கிக் கெண்டைக்கால் எலும்பு முறிந்துபோயிருந்தது. தொடைவரை மாவுக்கட்டு. ஒன்பதாம் கட்டில். நிர்மலாவைக் கண்டதும் அவளுக்கு வலிகூடக் குறைந்துபோயிற்று. எங்க வூட்டுக்காரருக்கு உசுரு குடுத்த சிஸ்டர் இவங்கதான் என்று பக்கத்துக் கட்டில் எதிர்க் கட்டில் எல்லாருக்கும் சொன்னாள். வாட்சைப் பார்த்துவிட்டு, அவர் குடுத்தது இன்னும் ஓடுதா என்று தொட்டுப் பார்த்தாள். தாவூது போய் மூன்று வருஷம் ஆகிவிட்டதாம். மாரடைப்பு. வருகிற ஞாயிறு நஜ்மாவுக்குத் தருமபுரியில் நிக்காஹ்.

"அத்தாவும் இல்லாத புள்ள. நானும் கட்டிலோட கெடந்தா நல்லாவா இருக்கும்? வெள்ளிக்கிழம அனுப்பிருவாங்களா சிஸ்டர்?"

அனுப்பிவிடுவார்கள் என்று நிர்மலா தைரியம் சொன்னாள். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டாள், நஜ்மா எப்படி இருக்கிறாள் என்று.

ஜுபைதா சிரித்தாள். நல்லா படிச்சா, பசங்களுக்கு ட்யூஷன் எடுக்கறா, எல்லாம் நல்லாத்தான் இருக்கா, ஒரே ஒரு கிறுக்கு என்றாள். எதையும் இரண்டு தடவை எண்ணுவாளாம். உலையில் போடும் அரிசி ஆழாக்கு, கல்யாணப் பத்திரிகை, படிக்கட்டு, எதுவானாலும். முதல் தடவை எண்ணியதை நம்பவே மாட்டாளாம். "சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். மாப்பிள வூட்டுல வெளயாட்டுக்குக் கேட்டாங்க, மொத தடவ எங்க புள்ளைய பார்த்துட்டு ரெண்டாவது தடவயும் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னாளான்னு."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். மாதம்மாளும் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நிர்மலா அட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் எழுதுவதற்கு அப்போது ஒன்றும் இல்லை.

செவ்வாயும் புதனும் ஜுபைதாவின் மூச்சு பதினாறு, பதினேழு. வேளாவேளைக்குக் கட்டிலில் இருந்தபடியே தொழுவாள். தொழுது முடித்ததும் தலையணைக்கடியிலிருந்து தஸ்பீஹ் மணியை எடுத்து, தாழ்ந்த குரலில் இறைவனின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு மணியாய்த் தள்ளுவாள். ஒரு மூச்சில் பதினொரு மணி போகும். மூன்று மூச்சில் முப்பத்துமூன்று முடிந்துவிடும். இதை வேண்டுமென்று நிர்மலா எண்ணவில்லை. எண்ணிப் பழகிய மனசு எதைக் கண்டாலும் எண்ணிவிடும். மருந்து ஊற்றிக்கொண்டே கேட்டபோது, எந்தச் சாமிக்கானாலும் இப்படி ஒரே மூச்சில் இத்தனை நன்றி சொல்ல நல்ல நெஞ்சு வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வியாழன் அவளுக்கு விடுமுறை.

வெள்ளி மதியம் ஒரு மணிக்கு அவள் வேலைக்கு வந்தபோது, ஒன்பதாம் கட்டில் வீட்டுக்குப் போகிறது, எல்லாம் நார்மல் என்று காலை நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் கையெழுத்தும் ஆகியிருந்தது. அட்டையில் மூச்சுக் கட்டத்தில் இருபது.

வாசலில் ஆட்டோ. ஜுபைதாவின் தம்பி நிசார் அகமது பை, போர்வை, ஊன்றுகோல் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அக்காவுக்காக நின்றிருந்தான். யாரை அனுப்பினாலும் கடைசியாக ஒருமுறை எல்லாம் பார்த்துவிட்டு அனுப்புவது நிர்மலாவின் வழக்கம். சூடு இல்லை. அழுத்தம் சரி. விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்றைந்து காட்டியது. நாடி நூற்று நாலு. வீட்டுக்குப் போகிற பரபரப்பாக இருக்கலாம். விரலை எடுக்காமல் மூச்சை எண்ணினாள். பதினெட்டு.

பதினெட்டு சரிதான். ஆனால் அந்தப் பதினெட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. அது கடிகாரம்போல் இருந்தது. ஒரே அளவு, ஒரே இடைவெளி. மனுஷர் அப்படி மூச்சு விடுவதில்லை. தூங்குகிற குழந்தைகூட நடுவில் ஒன்றை நீட்டும், ஒன்றைச் சுருக்கும். நிமிர்ந்தாள். ஜுபைதாவின் கண் சிவப்பு நொடி முள்ளின் மேல் இருந்தது. முள்ளோடு சேர்ந்து மூச்சை நடத்திக்கொண்டிருந்தாள். மேல் உதட்டில் பொடிப்பொடியாக வியர்வை.

அப்போதுதான் நிர்மலாவுக்கு உறைத்தது. கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவார்கள் என்பது இந்த வார்டில் ஒரே ஒரு நோயாளிக்குத்தான் தெரியும். மகள் எண்ணிப் பார்த்த வீடு, மூச்சை எண்ணின கைக்கு என்று வாட்ச் கொடுத்த வீடு அது.

"என்ன சிஸ்டர், கைய வுடாம புடிச்சிருக்கீங்க. எப்ப கல்யாணம், எத்தன புள்ளன்னு ஜோசியம் பார்க்கறீங்களா? அக்காவுக்கு இல்ல, மருமவளுக்குத்தான் கல்யாணம்" என்றான் நிசார்.

நிர்மலா சிரித்துக் கையை விட்டாள். காகிதம் முடித்துக்கொண்டு வருகிறேன், அதுவரை நீங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் பாய் என்று அவனை அனுப்பினாள். ஜுபைதா மதியத்து லுஹர் தொழட்டும் என்று பச்சைத் திரையை இழுத்துவிட்டாள். போகிறவள்போல நாலடி நடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி, திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

உள்ளே தொழுகை முடிந்தது. மணி உருளும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குரல் அறுந்தது. ஒரு இழுப்பு. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. இழுப்பு. செவ்வாய்க்கிழமை மூன்று மூச்சில் போன மணிகள் இன்றைக்குப் பத்து மூச்சுக்கும் முடியவில்லை. மணியைத் தள்ளி முடித்து ஜுபைதா கண்ணை மூடிச் சாய்ந்ததும், திரை ஓரமாக நின்று நிர்மலா நெஞ்சைப் பார்த்து எண்ணினாள். முழுதாக ஒரு நிமிஷம். இருபத்தெட்டு. நம்பாமல் இன்னொரு நிமிஷம் எண்ணினாள். இருபத்தெட்டு.

திரையை விலக்கி உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஜுபைதாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப இருந்துக்கா?" என்றாள் நிர்மலா.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து விலாவில் ஒரு பிடிப்பு. மூச்சை இழுத்தால் குத்துகிறது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தாளாம். இல்லை, வாயுவாக இருக்க வேண்டும் என்று துவா கேட்டாளாம். சொல்லிவிட்டு நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம மட்டும் போவட்டும் சிஸ்டர். திங்கக்கிழம நானே வந்து படுத்துக்கறேன். எம்புள்ளைக்கு நான் ஒருத்திதான். இருபதுன்னு எழுதிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பாவத்தைப் புண்ணியம் என்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்ல. பெற்றவள் கேட்கும்போது மறுப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பேனா பிடித்த கை ஒரு கணம் நின்றது. இருபது. எத்தனை சுலபமான எண். அதை எழுதினால் இந்த அம்மா சிரிப்பாள், தம்பி சிரிப்பான், மணமேடையில் மகள் சிரிப்பாள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது.

"அக்கா, ஒருக்கா எண்ணாம எழுதியிருக்கேன். இனிமே என்னால முடியாது" என்றாள் நிர்மலா. அட்டையில் இருபத்தெட்டு என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து இட்டாள்.

போன் போட்டபோது டாக்டர் குப்புராஜ் சாப்பாட்டில் இருந்தார். காலையில் நான் பார்த்தேனே, இருபது என்று இருந்ததே, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் மூச்சு வாங்கியிருக்கும் என்றார். கைகழுவும் சத்தம் இல்லை. எழுந்திருக்க மனம் இல்லாதவரின் குரல். அவரிடம் நிர்மலா அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"காலையில எழுதினத வுட்டுடுங்க சார். அது எண்ணாத இருபது. நான் ரெண்டு தடவ முழு நிமிஷம் எண்ணிட்டேன். கால் கட்டுல இருக்கு, அஞ்சு நாளா அசையல. நீங்க வர வரைக்கும் நான் அனுப்ப மாட்டேன்."

அந்தப் பக்கம் தட்டு நகர்ந்தது. பிறகு தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் வந்தார். முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், மார்பைக் கேட்டதும் முணுமுணுப்பை நிறுத்தினார். கட்டுக்கு வெளியே தெரிந்த கால் விரல்களையும் தொடையையும் அழுத்திப் பார்த்தார். அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் கட்டிக்கொள்வது உண்டு என்றும், அதில் ஒரு துணுக்கு கிளம்பி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் இப்படித்தான் மூச்சு வாங்கும் என்றும், மாவுக்கட்டு காலின் வீக்கத்தை மூடி மறைத்திருக்கிறது என்றும் நிசாருக்குப் புரியும்படி சொன்னார். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

நிசாருக்குக் கோபம் வந்தது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், பந்தல்காரன், சமையல்காரன், இப்போது போய் இப்படிச் சொன்னால் எப்படி என்றான். ஜுபைதா நிர்மலாவைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது நிர்மலாவுக்குக் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் அந்தக் குடும்பம் அவளுக்குக் கொடுத்து வந்த ஆசி எல்லாம் ஒரு நொடியில் நின்றுபோனதுபோல் இருந்தது. நிற்கட்டும், அது நமக்கு உரியது இல்லை என்று மனசு சொன்னது.

மருமகளே சொல்லட்டும் என்று நிசார் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவன் போனைக் காதிலிருந்து நகர்த்தி நிர்மலாவைப் பார்த்தான்.

"மூச்சு எத்தனன்னு கேக்கறா."

"இருபத்தெட்டு."

சொன்னான். மறுபடி கேட்டான்.

"ரெண்டு தடவ எண்ணினாங்களான்னு கேக்கறா சிஸ்டர்."

"எண்ணினேன்னு சொல்லுங்க பாய். ரெண்டு தடவையும் அதேதான்னு சொல்லுங்க."

போனில் நஜ்மா என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. ஆனால் நிசார் போனை அணைத்துவிட்டு, ஆட்டோவிலிருந்து பையையும் போர்வையையும் இறக்கப் போனான். நிக்காஹ் எங்கயும் ஓடிப்போவாது, அம்மாவ கூட்டிட்டுப் போங்க மாமு என்று சொன்னாளாம்.

ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் புறப்பட்டது. ஜுபைதா கடைசிவரை முகத்தைத் திருப்பியே வைத்திருந்தாள். மாதம்மாள் மட்டும், தலையணைக்கடியில் இருந்த தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடி ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே வந்து நிர்மலா முன்னால் கையை நீட்டினாள்.

"எனக்கும் எண்ணுங்க சிஸ்டர். எத்தன வருதுன்னு பார்ப்போம்."

நிர்மலா உண்மையாகவே எண்ணினாள். முப்பது வந்தது. ஓடியவளுக்கு அது சரியான கணக்கு. ஓடாதவளுக்கு இருபத்தெட்டு வந்ததுதான் கணக்குத் தப்பு என்று சொன்னபோது மாதம்மாள் சிரிக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒன்பதாம் கட்டிலுக்கு அடியில் பெருக்கினாள்.

மறுநாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். நுரையீரலில் ரத்தக்கட்டி இருந்தது, சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், மருந்து வேலை செய்கிறது. "நேத்து வூட்டுக்குப் போயிருந்தா அந்தம்மா ஞாயித்துக்கிழமையைப் பார்த்திருக்க மாட்டாங்க. உங்க கண்ணு தப்பாது நிர்மலா." பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே பாராட்டு. இந்த முறை அது பொய்யில்லை. ஆனாலும் பழையது தீராமல் புதியதை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை, ஜுபைதா கட்டு மாற்ற வந்தாள். நிசார்தான் கூட்டிவந்திருந்தான். முகம் தெளிந்திருந்தது. நிர்மலாவின் இரண்டு கையையும் பிடித்து, அன்னைக்கு மூஞ்சிய திருப்பிக்கிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க என்றாள். அடுத்த மாதம் நிக்காஹ், கட்டாயம் வர வேண்டும் என்றாள். கட்டு மாற்றும் அறைக்கு அவளைச் சக்கர நாற்காலியில் நிசாரும் மாதம்மாளுமாக அழைத்துப் போனார்கள். அவளுடைய கைப்பை கூடத்துப் பெஞ்சில் இருந்தது.

இப்போதே உள்ளே போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று நிர்மலாவுக்குத் தோன்றாமல் இல்லை. சொன்னால் ஜுபைதா அழுவாள், மன்னிப்பாள், எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்வாள். தன் தப்பைச் சொல்லிக்கூட நல்ல பேர் வாங்கிவிட முடியும். அந்தப் பேரும் அவளுக்கு வேண்டாம். போக வேண்டிய இடத்துக்குப் போனால் போதும்.

மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றினாள். சிவப்பு முள் பன்னிரண்டில் கிளம்பி முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பன்னிரண்டுக்கு வரும்வரை பார்த்தாள். ஒரு நொடி கூடவில்லை, குறையவில்லை. முந்தின நாள் நாலு வரி எழுதி வைத்திருந்த தாளில் அதைச் சுற்றினாள்.

நஜ்மாவுக்கு. அன்றைக்கு உன் அத்தாவுக்கு நீ எண்ணிய முப்பத்திரண்டு சரி. தப்பாகச் சொன்னது நான். இந்த வாட்ச் முதலில் எண்ணிய உன் கைக்குச் சேர வேண்டியது. நிர்மலா.

பையைத் திறந்து, தஸ்பீஹ் மணிக்கு அருகில், அடியில் வைத்தாள். பையை மூடி, முன்பு இருந்தபடியே காது மேலே இருக்கும்படி பெஞ்சில் சாய்த்து வைத்தாள். கூடத்தில் யாரும் இல்லை.

பிறகு ஒன்றாம் கட்டிலுக்குப் போனாள். படுத்திருந்தவரின் கையை எடுத்து மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தின் கீழ் நின்று, எண்ண ஆரம்பித்தாள்.